அமெரிக்கா கைவிட்ட சேகா சேட்டர்ன்: இன்று வாங்கி, சரிசெய்து, ஆட முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய நிறுவனமான சேகாவின் வீடியோ கேம் மெஷின் சேட்டர்ன் உலகம் முழுக்கச் சுமார் 92 லட்சம் விற்றது. அதே காலத்தில் வந்த சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு "ஓடாத கன்சோல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த 92 லட்சத்தில் பாதிக்கு மேல் ஜப்பானில் மட்டும் போனது. அங்கே நிண்டெண்டோ 64-ஐ விட இதுதான் அதிகம் விற்றது. தோற்றது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான். நாம் படிக்கும் விளையாட்டு வரலாறு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பதால், அந்தத் தோல்வியே முழுக் கதை போல நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் நான் சொல்லப் போவது ஒன்றுதான்: சேட்டர்னை ஜப்பானியக் கன்சோலாக நினைத்து அணுகுங்கள். ஜப்பானிய மெஷினை வாங்குங்கள், ஜப்பானிய கேம்களை ஆடுங்கள். மொழி தெரியாதே என்ற பயம் பாதிக்கு மேல் தேவையில்லாதது. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

நம் ஊரில் 90-களில் வீடியோ கேம் என்றால் கேசட் போட்டு ஆடும் எட்டு-பிட் நகல் மெஷின்தான். சேட்டர்னை நேரில் பார்த்தவர்கள் வெகு சொற்பம். பார்க்காத ஒன்றுக்காக ஏங்குவது விசித்திரம்தான். ஆனாலும் ஏங்குகிறோம், அதனால் தொடங்கிவிடலாம்.

முதல் படி: ஏன் தோற்றது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எதை வாங்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை இந்தக் கதைதான் முடிவு செய்கிறது. எனவே தாவிப் போகாதீர்கள்.

1994 நவம்பர் 22 அன்று ஜப்பானில் 44,800 யென்னுக்கு சேட்டர்ன் வந்தது. கூடவே வந்த விர்ச்சுவா ஃபைட்டர் அங்கே காசு போட்டு ஆடும் ஆர்கேடு கூடங்களில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த விளையாட்டு. அதை வீட்டில் ஆட முடியும் என்பதற்காகவே மக்கள் வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டு நாளுக்குள் பிளேஸ்டேஷன் 39,800 யென்னுக்கு வந்து இறங்கியது. போட்டி கடுமையாக இருந்தாலும் சேகா அங்கே நின்று ஆடியது.

அமெரிக்காவில் 1995 செப்டம்பர் 2 வெளியீடு என்று அறிவித்திருந்தார்கள். மே 11 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சியில், சேகா ஆஃப் அமெரிக்காவின் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறி "இன்றே கடைகளில் கிடைக்கிறது, விலை 399 டாலர்" என்று அறிவித்தார். ஜப்பான் தலைமையகத்தின் முடிவு அது. நான்கு கடைச் சங்கிலிகளுக்கு மட்டும் சரக்கு போயிருந்தது. விடுபட்ட கடைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கேபி டாய்ஸ் நிறுவனம் சேகா சரக்கையே நிறுத்திவிட்டது. செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்த வெளி நிறுவனங்களின் கேம்கள் எதுவும் தயாராக இல்லை. வாங்கியவர்கள் சேகாவின் சொந்தக் கேம்கள் சிலவற்றை வைத்துக்கொண்டே கோடைகாலத்தைத் தள்ள வேண்டியிருந்தது.

அதே நாளில் சோனி தரப்பில் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நூறு டாலர் வித்தியாசம். அதற்குப் பிறகு சேகா என்ன பேசினாலும் எடுபடவில்லை.

இன்னொரு பக்கம், மெஷினின் உள்ளமைப்பு. 28.6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு ஹிடாச்சி எஸ்எச்-2 சில்லுகள், படத்துக்கென்று இரண்டு விடிபி சில்லுகள், ஒலிக்கு ஒரு மோட்டோரோலா 68000 வகைச் சில்லும் யமஹா சில்லும், சிடிக்கு இன்னொன்று. இரண்டு எஸ்எச்-2-வும் ஒரே நினைவகப் பாதையைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரே அடுப்பில் இரண்டு சமையல்காரர்களை நிறுத்தியது போல. பிளேஸ்டேஷன் முக்கோணங்களால் முப்பரிமாண உருவங்களைக் கட்டியபோது இது நாற்கரங்களால் கட்டியது. வெளியிலிருந்து வந்த புரோகிராமர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பலர் ஒரு எஸ்எச்-2-வை ஏறக்குறைய சும்மா விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக் கேமை முடித்தார்கள்.

இதே அமைப்பு இருபரிமாண விளையாட்டுகளுக்குப் பொன் போல அமைந்தது. விடிபி-1 ஸ்பிரைட் எனும் தட்டை உருவப் படங்களை அள்ளி வீசும். விடிபி-2 பல அடுக்குப் பின்னணிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும். சண்டை விளையாட்டு, சுடும் விளையாட்டு, ஆர்பிஜி என்று ஜப்பானிய ரசிகர்கள் கேட்டதையெல்லாம் இது கொடுத்தது. அவற்றில் பெரும்பகுதியை அமெரிக்கக் கிளை ஆங்கிலத்தில் கொண்டுவரவே இல்லை. 1997-ல் கலின்ஸ்கி போய் பெர்னி ஸ்டோலர் வந்திருந்தார். சேட்டர்ன் நம் எதிர்காலம் அல்ல என்று அந்த ஆண்டின் இ3-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். விற்க வேண்டியவரே கடையைச் சாத்தினால் வாங்குபவர் என்ன செய்வார்?

அதே 1997-ல் ஜப்பானில் நடந்தது வேறு. கமென் ரைடர் என்ற டிவி தொடரின் நாயகனாகப் புகழ்பெற்ற நடிகர் ஹிரோஷி ஃபுஜியோகாவை ஜூடோ வீரர் வேடத்தில் இறக்கி, செகதா சன்ஷிரோ என்ற பாத்திரத்தை உருவாக்கினார்கள். சேட்டர்ன் ஆடாமல் ஊர் சுற்றும் இளைஞர்களைத் தேடிப் பிடித்து அடித்து, "சேட்டர்ன் ஆடு" என்று உறுமுவதுதான் அவர் வேலை. கடைசி விளம்பரத்தில் சேகா தலைமையகத்தை நோக்கி வந்த ஏவுகணையைப் பிடித்துத் திருப்பி, அதோடு விண்வெளிக்குப் போய்விடுகிறார். ஒரு கன்சோலுக்கு இவ்வளவு கம்பீரமான வழியனுப்பு விழா வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இணையத்தில் தேடிப் பாருங்கள்.

இரண்டாம் படி: முதலில் எமுலேட்டரில் ஆடிப் பாருங்கள்

பணம் போடுவதற்கு முன் உங்களுக்கு இந்த கேம்கள் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. எமுலேட்டர் என்பது பழைய மெஷினைக் கணினியிலோ போனிலோ போலச் செய்யும் மென்பொருள். மெட்நாஃபென் துல்லியமானது, ரெட்ரோஆர்ச்சில் அதுவே பீட்டில் சேட்டர்ன் என்ற பெயரில் கிடைக்கிறது. ஓரளவு வேகமான கணினி வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் யபா சன்ஷிரோ இருக்கிறது. பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். மெஷினைத் தொடக்கும் பயாஸ் கோப்பும் கேம் படிமமும் உங்களிடம் உள்ள மெஷினிலிருந்தும் டிஸ்கிலிருந்தும் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

ஒரு வாரம் ஆடியும் மனம் ஒட்டவில்லை என்றால் இங்கேயே நின்றுவிடலாம். ஒட்டிவிட்டால் மேலே வாருங்கள்.

மூன்றாம் படி: எந்த மெஷின்

இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு ஐரோப்பிய மெஷின்தான் வசதி என்று தோன்றும். 240 வோல்ட்டில் ஓடும், நம் ஊரின் பால் (PAL) முறை டிவிக்குப் பொருந்தும். ஆனால் அது 50 ஹெர்ட்ஸ் மெஷின். ஜப்பானில் 60 ஹெர்ட்ஸில் ஓடிய கேம்களில் பல இதில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஓடும். சண்டை விளையாட்டில் அது தண்ணீருக்குள் குத்துவது மாதிரி இருக்கும். வேண்டாம்.

ஜப்பானிய மெஷின்களில் இரண்டு முக்கிய வகை. 1994-ல் வந்த சாம்பல் நிற எச்எஸ்டி-3200. பொத்தான்கள் நீள்வட்டமாக இருக்கும், டிஸ்கைப் படிக்கும்போது ஒரு சின்ன விளக்கு எரியும். 1996 மார்ச்சில் விலையை 20,000 யென்னுக்குக் குறைத்து வெளியிட்ட வெள்ளை எச்எஸ்டி-3220. பொத்தான்கள் வட்டம், அந்த விளக்கு கிடையாது. விக்டரும் ஹிடாச்சியும் தங்கள் பெயரில் விற்ற வி-சேட்டர்ன், ஹை-சேட்டர்ன் உள்ளுக்குள் அதே மெஷின்கள்தான். ஹிடாச்சி கார் வழிகாட்டி வசதியோடுகூட ஒன்று விட்டது. அது சேகரிப்பாளர்கள் பாடு.

என் தேர்வு வெள்ளை. நிறைய விற்றதால் நிறையக் கிடைக்கிறது, விலையும் அடங்கும். மஞ்சள் பூத்திருந்தால் பேரம் பேசுங்கள். நிறம் மங்கியதால் ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தெரியும் கண்ணாடி உடல் மெஷின்களுக்கு விலை அதிகம். அழகுக்குக் கொடுக்கும் காசு அது.

நான்காம் படி: வாங்குவது

ஜப்பானின் யாஹூ ஏலத் தளத்தில் சேட்டர்ன் எந்நேரமும் கிடைக்கும். வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்புகிறவர்கள் குறைவு. பய்யீ, சென்மார்க்கெட் போன்ற இடைத்தரகுச் சேவை வழியாக எடுக்க வேண்டும். யாராவது ஜப்பான் போகிறார்கள் என்றால் ஹார்ட் ஆஃப் என்ற பழைய பொருள் கடைச் சங்கிலியைச் சொல்லி அனுப்புங்கள். அங்கே "ஜங்க்" என்று ஒரு பகுதி இருக்கும். சோதிக்காமல் விற்கிறோம், திருப்பி வாங்க மாட்டோம் என்பதே அதன் பொருள். ஏலத் தளத்திலும் அதே வகை உண்டு. ஜங்க் சேட்டர்னில் கணிசமானவற்றுக்குக் கோளாறு லென்ஸ் தூசியும் தீர்ந்த பேட்டரியும்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்கள் துணியலாம். முதல் முறை வாங்குகிறவர்கள் "இயங்குவது சோதிக்கப்பட்டது" என்று எழுதியதை மட்டும் எடுங்கள்.

படத்தில் பார்க்க வேண்டியவை: டிவியில் கேம் ஓடும் படம் இருக்கிறதா (சேகா சின்னம் மட்டும் தெரிந்தால் போதாது, டிஸ்க் இல்லாமலே அது வரும்). பின்பக்கம் பேட்டரி மூடி இருக்கிறதா. மேல் மூடியின் கீல் உடைந்திருக்கிறதா. கண்ட்ரோலர் வயர் எப்படியிருக்கிறது. தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மெஷின் விலையைவிட அது அதிகமாகிவிடுவது சாதாரணம்.

கேம் டிஸ்க் வாங்கும்போது, ஜப்பானியப் பெட்டிகளின் முதுகில் ஒரு காகிதப் பட்டை இருக்கும். அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. ஆடுவதற்காக வாங்குகிறவருக்கு அந்தப் பட்டையால் ஒரு பயனும் இல்லை.

ஐந்தாம் படி: சுவர் பிளக்கில் செருகும் முன்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஜப்பானிய சேட்டர்ன் 100 வோல்ட் மெஷின். நம் வீட்டில் வருவது 230. மின்வழங்கி மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. தனி அடாப்டர் கிடையாது, மாற்றிப் போட்டுத் தப்பிக்க வழியும் கிடையாது. ஆபத்து எங்கே என்றால், இதன் மின்வயர் பழைய டேப் ரெக்கார்டருக்குப் போடும் எட்டு வடிவ வயர்தான். வீட்டில் கிடக்கும் ஏதாவதொரு வயர் கச்சிதமாகப் பொருந்திவிடும். செருகிய நொடியில் பட்டென்று சத்தம், புகை வாசனை, கதை முடிந்தது.

230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். சேட்டர்ன் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. 100 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரே தாராளம். உள்ளே செம்புச் சுருள் உள்ள கனமான வகையாக இருக்கட்டும். பயணத்துக்கென்று விற்கும் இலேசான சின்ன கன்வெர்ட்டர்கள் முடி உலர்த்தி போன்ற சூடேற்றும் சாதனங்களுக்கானவை, அவை வேண்டாம். மெஷினின் வயரை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கழற்றவே கழற்றாதீர்கள். வீட்டில் வேறு யாராவது தூசி தட்டும்போது எடுத்துச் சுவரில் செருகிவிடாதபடி அதில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்.

ஆறாம் படி: பேட்டரி

போட்டவுடன் மொழியையும் தேதியையும் கேட்டால் உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கேமைச் சேமித்து வைக்கும் 32 கிலோபைட் உள்நினைவும் கடிகாரமும் மெஷின் அணைந்திருக்கும்போது இந்த பேட்டரியால்தான் உயிரோடு இருக்கின்றன. சாதாரண சிஆர்2032 வகை, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். மெஷினைப் பிரிக்கவும் வேண்டாம். பின்பக்கத்து மூடியைத் திறந்தால் கையில் படும்.

மெஷின் அணைந்திருக்கும்போது பேட்டரியை எடுத்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். பழைய உரிமையாளரின் சேமிப்புகளைப் பார்க்க ஆசை இருந்தால் (எனக்கு உண்டு, யாரோ ஒரு ஜப்பானியப் பையன் 1997-ல் எந்தக் கட்டத்தில் நிறுத்தினான் என்று பார்ப்பதில் ஒரு சுகம்) மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள். உலோகக் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். விரல் நகமே போதும்.

ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றிவிடுங்கள். கடிகாரத்தையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் நைட்ஸ் என்ற சின்ன டிஸ்க் மெஷினின் தேதியைப் பார்த்து உருமாறும். டிசம்பரில் போட்டால் ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் அலங்காரம். ஏப்ரல் 1 அன்று போட்டால் நாயகனுக்குப் பதில் எதிரியை வைத்து ஆட விடும்.

ஏழாம் படி: கார்ட்ரிட்ஜ்

மேலே ஒரு கார்ட்ரிட்ஜ் துளை இருக்கிறது. சேட்டர்னின் பலவீனமான உறுப்பு இதுதான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த காட்டன் பட்டால் கார்ட்ரிட்ஜின் பொன்முலாம் பூசிய விளிம்பைத் துடைத்து, காய்ந்த பிறகு நேராக அழுத்திச் செருகுங்கள். முதலில் கண்டுகொள்ளாவிட்டால் எடுத்துச் செருகிப் பாருங்கள். ஒருமுறை சரியாக உட்கார்ந்துவிட்டால் அதைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

எதைச் செருகுவது? ஆக்‌ஷன் ரீப்ளே வகைக் கார்ட்ரிட்ஜில் சூடோ சேட்டர்ன் கை என்ற மென்பொருள் ஏற்றப்பட்டதை வாங்குங்கள். வேறு நாட்டுக் கேம்களை ஓட்டும், சேமிப்புகளை நகலெடுக்கும், கூடுதல் நினைவகமும் தரும். ஒரு விஷயம்: இதில் கேம்கள் நேரடியாகச் சேமிக்காது. உள்நினைவில் சேமித்துவிட்டு, பிறகு இதற்கு நகலெடுக்க வேண்டும். வேண்டும்போது மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும்.

கூடுதல் நினைவகம் ஏன் முக்கியம் என்பதில்தான் சேட்டர்னின் பெருமை இருக்கிறது. 1997-ல் கேப்காம் வெளியிட்ட எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் சண்டைக்கு நடுவே ஆளை மாற்றிக்கொள்வதுதான் விளையாட்டே. பிளேஸ்டேஷனில் நினைவகம் போதாமல் அந்த மாற்றத்தையே எடுத்துவிட்டார்கள். சேட்டர்னில் 4 எம்பி கார்ட்ரிட்ஜோடு ஆர்கேடில் இருந்தபடியே வந்தது. ஜப்பானில் மட்டும். வாம்பயர் சேவியர், ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஜீரோ 3 ஆகியவையும் ஜப்பானில் மட்டும் அதே 4 எம்பி கார்ட்ரிட்ஜுக்காக வந்தன. எஸ்என்கேயின் கேம்கள் பல 1 எம்பி கார்ட்ரிட்ஜைக் கேட்கும். 4 எம்பி மட்டுமே தரும் கார்ட்ரிட்ஜில் அவற்றில் சில தகராறு செய்யும், எனவே இரண்டுக்கும் ஆதரவு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: டிஸ்க் படிக்க மறுத்தால்

முதலில் டிஸ்கைத் துடையுங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கி, வட்டமாக அல்ல. பிறகு லென்ஸ். மூடியைத் திறந்தாலே லென்ஸ் தெரியும். காட்டன் பட்டில் ஒரு சொட்டு ஐசோபுரொபைல் தொட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். பாதி மெஷின்கள் இதோடு எழுந்துவிடும்.

எழவில்லை என்றால் மெஷினைப் பிரித்து, லென்ஸ் நகரும் கம்பியில் இறுகிப்போன பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் துளி வையுங்கள். வயரைக் கழற்றிய பிறகும் மின்வழங்கியின் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். நேரம் விட்டுத் திறங்கள், அந்தப் பலகையைத் தொடாதீர்கள். லேசர் பலத்தைக் கூட்டும் சின்னத் திருகு ஒன்று உண்டு. இணையத்தில் எடுத்ததும் அதைத் திருகச் சொல்வார்கள். எல்லா வழியும் அடைபட்ட பிறகு கடைசியாகத் தொட வேண்டிய இடம் அது. கூட்டிவைத்தால் இன்று படிக்கும் லேசர் சீக்கிரமே செத்துப்போகும்.

டிரைவே செத்துவிட்டால் கவலை வேண்டாம். சேகாவின் டிஸ்க் பாதுகாப்பை ஜேம்ஸ் லேர்ட்-வா என்ற பொறியாளர் உடைத்த விதத்தை 2016-ல் உலகம் பார்த்தது. பின்பக்கம் வீடியோ சிடி அட்டைக்காக விட்டிருந்த துளையில் செருகினால் எஸ்டி கார்டிலிருந்து கேமை ஓட்டும் சேட்டியேட்டர் என்ற சாதனத்தை அவர் உருவாக்கினார். மெஷினைத் திறக்கவே வேண்டாம். ஃபென்ரிர், மோட் ஆகியவை டிரைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காருபவை. ஃபென்ரிர் வாங்கும்போது உங்கள் டிரைவின் நாடா வயர் 20 முனையா 21 முனையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சாரூ என்பது கார்ட்ரிட்ஜ் துளையில் செருகுவது, விலை குறைவு. நான் பரிந்துரைப்பது, டிரைவ் நன்றாக ஓடும் வரை டிஸ்க். பிறகு சாரூ அல்லது சேட்டியேட்டர்.

ஒன்பதாம் படி: எந்த டிவி

பழைய டியூப் டிவி கிடைத்தால் அதுதான் ராஜா. காயலான் கடைக்குப் போவதற்குள் ஒன்றைப் பிடித்து வையுங்கள். ஜப்பானிய மெஷின் தரும் என்டிஎஸ்சி சிக்னலை ஏற்குமா என்று மட்டும் பாருங்கள். 90-களின் பிற்பகுதிக்குப் பின் வந்த பெரும்பாலான மாடல்கள் ஏற்கும், ஏற்காவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் தெரியும்.

சேட்டர்னுக்கு ஒளி ஊடுருவும் உருவங்களைக் காட்டுவதில் சங்கடம் உண்டு. அதனால் நிழல், புகை, கண்ணாடி எல்லாவற்றையும் ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைத்த வலை மாதிரி வரைந்தார்கள். சாதாரண மஞ்சள் வயரில் டியூப் டிவிக்குப் போகும்போது சிக்னல் கொஞ்சம் கலங்கும். அந்தக் கலங்கலில் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து நிஜமான நிழலாகத் தெரியும். விலை உயர்ந்த ஆர்ஜிபி கேபிளும், படத்தைப் புதிய டிவிக்கு ஏற்ப மாற்றும் அப்ஸ்கேலரும் வைத்துத் துல்லியமாக்கினால் வலை வலையாகவே தெரியும். மெனக்கெட்டுச் செலவு செய்த பிறகு "முன்பு நன்றாக இருந்ததே" என்று தோன்றும் அபூர்வமான இடம் இது. எனக்கு நடுவழியான எஸ்-வீடியோ பிடிக்கும்.

எல்இடி டிவிதான் இருக்கிறது என்றால் ரெட்ரோடிங்க், ஓஎஸ்எஸ்சி போன்ற அப்ஸ்கேலர் வேண்டும். பத்து ரூபாய்ப் பொருள் போலக் கிடைக்கும் மலிவான ஏவி-டு-எச்டிஎம்ஐ டப்பாக்கள் படத்தைக் கெடுப்பதோடு தாமதத்தையும் சேர்க்கும். ஆர்ஜிபி கேபிள் எடுத்தால் என்டிஎஸ்சி மெஷினுக்கானது என்று சொல்லி வாங்குங்கள். பால் மெஷினின் கேபிள் உள்வயரிங்கில் வேறு. விர்ச்சுவா காப்பை அதன் அசல் துப்பாக்கியால் ஆட டியூப் டிவி இல்லாமல் வழியே இல்லை.

பத்தாம் படி: கையில் பிடிப்பது

ஜப்பானியக் கண்ட்ரோலர் சின்னது, வலது பக்கம் ஆறு பொத்தான், மேலே இரண்டு. திசைப் பொத்தான் விரலுக்கு அவ்வளவு இதம். சண்டை விளையாட்டு ரசிகர்கள் இன்றும் இதைத்தான் தேடுகிறார்கள். அமெரிக்காவுக்கென்று முதலில் ஒரு குண்டு கண்ட்ரோலர் செய்து, பிறகு அவர்களே ஜப்பானிய வடிவுக்குத் திரும்பினார்கள். அடுத்த படியில் வரும் நைட்ஸ் என்ற விளையாட்டுக்கு வட்டமான 3டி கண்ட்ரோலர் இருந்தால் நல்லது. அதன் குச்சி காந்தப் புல உணரியால் இயங்குவதால், இன்றைய கண்ட்ரோலர்களில் தானாக நகரும் தொல்லை இதில் இல்லை.

பதினோராம் படி: எதை ஆடுவது

மொழியே தேவைப்படாதவற்றில் தொடங்குங்கள். 1995 டிசம்பரில் வந்த சேகா ராலி, விர்ச்சுவா ஃபைட்டர் 2 இரண்டும் ஜப்பானில் ஏராளமாக விற்றவை, எனவே இன்று மலிவு. விர்ச்சுவா ஃபைட்டர் 2 704×480 தெளிவில் நொடிக்கு 60 சட்டகம் ஓடுகிறது; இந்த மெஷினால் முப்பரிமாணம் முடியாது என்பவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டுங்கள். அவசரத்தில் வெளிவந்த முதல் டேடோனா யுஎஸ்ஏவைத் தவிர்த்துவிடலாம். தூரத்து மலை திடீர் திடீரென்று முளைக்கும்.

நண்பர்கள் வந்தால் சேட்டர்ன் பாம்பர்மேன். ஒரே துளையில் பல கண்ட்ரோலர்களைச் செருக விடும் மல்டிடேப் இரண்டு வைத்தால் பத்துப் பேர் ஒரே திரையில் ஆடலாம். பத்துக் கண்ட்ரோலர் சேர்ப்பது தனி வேலை. ட்ரெஷர் நிறுவனத்தின் கார்டியன் ஹீரோஸில் ஆறு பேர் வரை அடித்துக்கொள்ளலாம். அதே ட்ரெஷர் 1998-ல் செய்த ரேடியன்ட் சில்வர்கன் சுடும் விளையாட்டுகளின் உச்சம். டிஸ்க் விலையும் உச்சம். அது பிற்பாடு எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் ஸ்விட்ச்சுக்கும் வந்துவிட்டதால் அசலுக்குக் கடன் வாங்க வேண்டாம்.

நைட்ஸ் இன்டு ட்ரீம்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோனிக்கை உருவாக்கிய யூஜி நாகாவும் நவோடோ ஒஷிமாவும் சேட்டர்னுக்குச் செய்தது இன்னொரு சோனிக் அல்ல, வானத்தில் வட்டமிடும் இந்தக் கனவுப் பாத்திரம். அமெரிக்காவில் தயாரான சோனிக் எக்ஸ்-ட்ரீம் பாதியிலேயே கைவிடப்பட்டது. அதனால் முழுமையான புது சோனிக் இல்லாமலே சேட்டர்னின் வாழ்நாள் முடிந்தது. நைட்ஸ் முதல் அரைமணி நேரத்தில் பிடிபடாது. ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பப் பறந்து மதிப்பெண்ணைக் கூட்டுவதுதான் விளையாட்டு என்று புரிந்த பிறகு விடாது.

இனி மொழி வேண்டியவை. இங்கேதான் ரசிகர்கள் கைகொடுக்கிறார்கள். சகுரா வார்ஸ் 1996-ல் ஜப்பானைக் கலக்கியது. ஆங்கிலத்தில் ரசிகர் மொழிபெயர்ப்பு 2019-ல் வந்தது. போலீஸ்நாட்ஸ், சேட்டர்னின் அசல் கிராண்டியா இரண்டுக்கும் உண்டு. உங்கள் டிஸ்கிலிருந்து படிமம் எடுத்து, அதன்மேல் மொழிபெயர்ப்பு அடங்கிய பேட்ச் கோப்பை ஏற்றி, எட்டாம் படியில் சொன்ன எஸ்டி கார்டு சாதனத்திலோ சூடோ சேட்டர்ன் கை உதவியுடன் எழுதிய சிடியிலோ ஓட்ட வேண்டும்.

பான்சர் டிராகூன் சாகா 1998-ல் நான்கு டிஸ்கில் வந்தது. ஆங்கிலப் பதிப்பு மிகக் குறைவாக அச்சிடப்பட்டதால் அதன் விலை நியாயத்தைத் தாண்டி நிற்கிறது. ஆசெல் என்ற பெயரில் வந்த ஜப்பானியப் பதிப்பு அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். பேச்சு நிறைந்த கதை என்பதால் ஜப்பானியப் பதிப்பை அலமாரிக்கும், ஆடுவதற்கு வேறு வழியையும் பாருங்கள்.

நீண்ட நாள் ஆட ஒன்று வேண்டுமென்றால் ஷைனிங் ஃபோர்ஸ் 3. ஒரே போரை மூன்று தரப்பிலிருந்து சொல்லும் மூன்று தனி டிஸ்க்குகள். சேகா முதலாவதை மட்டும் ஆங்கிலத்தில் விட்டு, கதையை அந்தரத்தில் நிறுத்தியது. மீதியை ரசிகர்கள் மொழிபெயர்த்து முடித்தார்கள். முதல் டிஸ்கில் நீங்கள் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரை விட்டீர்கள் என்பதை இரண்டாவதும் மூன்றாவதும் உங்கள் சேமிப்புக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எனவே முதல் டிஸ்க் முடிந்த அன்றே அந்தக் கோப்பைக் கார்ட்ரிட்ஜுக்கு நகலெடுங்கள், இரண்டாவதைத் தொடங்கும் முன் அது உள்நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள், நடுவில் பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் மெஷினை ஓடவிட்டே மாற்றுங்கள்.